எல்லையோரத்துப் பிள்ளைக்கு எம்.பி.ஏ.: கோயமுத்தூரா, கோழிக்கோடா?

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பி.காம்., பி.பி.ஏ. முடித்த பிள்ளைகள் எம்.பி.ஏ. பற்றிப் பேச்செடுத்தால் முதல் கேள்வியே "எந்தக் காலேஜுங்ணா நல்லாருக்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்த மாநிலத்தில் படிக்கப் போகிறீர்கள்? நமக்கு ரேஷன் கார்டு பாலக்காடு மாவட்டத்தில், சந்தை பொள்ளாச்சியில், பெரிய ஆஸ்பத்திரி கோயமுத்தூரில், கல்யாணச் சம்பந்தம் இரண்டு பக்கமும். அன்றாட வாழ்க்கையில் எல்லை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. ஆனால் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தால் நுழைவுத்தேர்வு, சான்றிதழ், இடஒதுக்கீடு, கட்டணம், கடைசியில் வேலை கொடுக்க வரும் கம்பெனி வரைக்கும் எல்லாமே அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான்.

நான் வேலந்தாவளம் பக்கம். சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.காம்., அப்புறம் கஞ்சிக்கோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை, அதற்குப் பிறகுதான் கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையில் எம்.பி.ஏ. இப்போது விற்பனை வேலையில் இரண்டு மாநிலக் கடைகளையும் பார்க்கிறேன். இதைப் படித்துவிட்டு நம் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் வீண் செலவு இல்லாமல் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கேரளத்துக் கல்லூரிகளுக்கு கேமேட் (KMAT). நுழைவுத்தேர்வு ஆணையர் நடத்துவது. 180 கேள்வி, சரியானதற்கு 4 மதிப்பெண், தப்பானால் ஒன்று குறையும், மொத்தம் 720. தமிழ்நாட்டுக்கு டான்செட் (TANCET). அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது, இரண்டு மணி நேரத்தில் 100 கேள்வி, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். அதற்கான எம்.பி.ஏ. கலந்தாய்வைப் பார்த்துக்கொள்வது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது நம் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் போய்விட்டு வந்துவிடுகிற தூரம். மத்திய அரசின் மேலாண்மை நிறுவனங்களான ஐ.ஐ.எம்.களுக்கான கேட் (CAT) தேர்வு வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் வரும், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், ஒரு பகுதி முடியாமல் அடுத்ததற்குத் தாவ முடியாது. என் யோசனை இதுதான்: ஐ.ஐ.எம். கனவு இருக்கிறதோ இல்லையோ, கேட் தேர்வுக்கு என்று படியுங்கள். கணக்கும் ஆங்கில வாசிப்பும் தர்க்கக் கேள்விகளும் அந்தத் தரத்தில் பழகிவிட்டால் மற்ற இரண்டும் கிட்டத்தட்ட அதற்குள்ளேயே அடங்கிவிடும், பொது அறிவு மாதிரி ஓரிரு பகுதியைத்தான் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். தினமும் ஆங்கிலப் பேப்பரின் வணிகப் பக்கத்தில் ஒரு கட்டுரையை முழுசாகப் படித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். தமிழ் மீடியத்தில் படித்து வந்த எனக்கு வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு கை கொடுக்கவில்லை.

இனி காகிதம். நம் பிள்ளைகள் அதிகம் இடறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ் பேசுகிறோம், சொந்தக்காரர்கள் பாதிப்பேர் பொள்ளாச்சியில் இருக்கிறார்கள் என்பதற்காகத் தமிழ்நாட்டில் நமக்கு சாதி அடிப்படையிலான ஒதுக்கீடு கிடைக்காது. அங்கே உள்ள 69 சதவீதம் அந்த மாநிலத்தைச் சொந்த ஊராகக் கொண்ட பிள்ளைகளுக்கு. கேரள முகவரியோடு போனால் பொதுப் பிரிவில்தான் வைத்துப் பார்ப்பார்கள். சேர்க்கைக் கையேட்டைக் கையில் எடுத்ததும் பிற மாநிலத்தவர் பற்றிய பத்தியைத்தான் முதலில் தேடிப் படிக்க வேண்டும். அதேபோல, ஒரே சமூகம் ஒரு மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டதாக இருக்கும், அடுத்த மாநிலத்துப் பட்டியலில் பேரே இருக்காது. பெரியப்பா மகன் எல்லைக்கு அந்தப்புறம் சான்றிதழ் வாங்கிவிட்டான் என்பதால் நமக்கும் அதே கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மத்திய அரசு நிறுவனங்களுக்கு, உதாரணமாக 1996-ல் தொடங்கிய கோழிக்கோடு ஐ.ஐ.எம்.முக்கு, மத்தியப் பட்டியல்தான் கணக்கு, அதுவும் மாநிலவாரியாகத்தான் இருக்கிறது. ஓ.பி.சி.க்கு, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோருக்கு, 27 சதவீதம், ஆனால் கிரீமி லேயர் என்கிற வசதி படைத்த பிரிவில் வரக்கூடாது. வருமான வரம்பு 8 லட்சம். அதைக் கணக்கிடும் முறை தனி, பெற்றோர் அரசு வேலையில் இருந்தால் பதவியையும் பார்ப்பார்கள். மாநில அரசுப் படிவத்தில் வாங்கிய சான்றிதழை அங்கே ஏற்கமாட்டார்கள், மத்திய அரசுப் படிவம் வேண்டும், அதிலும் எந்த நிதியாண்டில் வாங்கியது என்று பார்ப்பார்கள்.

இதைவிடச் சின்னதாகத் தெரிந்து பெரிய தலைவலி கொடுப்பது இனிஷியல். நம் வீடுகளில் பிள்ளைக்குப் பெயர், முன்னால் அப்பாவின் முதலெழுத்து, அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அந்த எழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். டிகிரி சான்றிதழில் இன்னொரு மாதிரி. பான் கார்டு எடுத்துக் கொடுத்தவர் வீட்டுப் பெயரையும் சேர்த்துப் போட்டிருப்பார். நான்கு காகிதத்தில் நான்கு ஆள். சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் இருப்பவருக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது, அவர் அப்படியே எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். இதற்கு வில்லேஜ் ஆபீஸில் "ஒன் அண்ட் தி சேம்" என்று ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று. கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் போய் விண்ணப்பிக்கலாம். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, எல்லாக் காகிதத்தையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பிப் போட்டு ஒவ்வொன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயரின் எழுத்துக் கூட்டல் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று அம்மாவையோ தங்கச்சியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் திருத்தம் என்றால் பல்கலைக்கழகம் வரை போக வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும்.

கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் டிகிரி முடித்துவிட்டுக் கோவைக்குப் போகிறவர்களுக்கு மைக்ரேஷன் சான்றிதழ் வேண்டும். கல்லூரி தரும் டி.சி. வேறு, இது வேறு. பல்கலைக்கழகத்திடம் தனியாகப் பணம் கட்டி வாங்குவது. இறுதித் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். அப்புறம், படிப்பு முடித்துக் கேரளத்தில் அரசு வேலைக்கோ ஆசிரியர் வேலைக்கோ போகும் எண்ணம் இருந்தால் வெளிமாநிலப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழ் பற்றி ஒரு விஷயம், இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் கோபம் வரும். என் சித்தப்பா மகள் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள், பெயர் வேண்டாம். சேர்க்கையன்று அசல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளிலேயே அவளுக்கு வேறு இடத்தில், பல்கலைக்கழகத் துறையிலேயே, இடம் கிடைத்தது. போய்க் கேட்டால், இரண்டு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போங்கள் என்றார்கள். சித்தப்பா தேங்காய் வியாபாரம், யாரிடமும் குரலை உயர்த்தத் தெரியாத மனுஷர், வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார். பல்கலைக்கழக மானியக்குழு 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது, விலகினால் எத்தனை நாளுக்குள் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த அறிவிப்பை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தில் புகார் எழுதிப் போன பிறகுதான் கொடுத்தார்கள். இந்த அறிவிப்பின் நகலைச் சேர்க்கைக்குப் போகும்போதே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அசலைக் கேட்டால், யாரிடம் என்ன கொடுத்தோம் என்று முத்திரையோடு ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

சரி, கல்லூரி. விளம்பரப் புத்தகத்தில் "அதிகபட்சச் சம்பளம்" என்று ஒரு எண் கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். சராசரியையும் நம்ப முடியாது, பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 3 லட்சம், ஒருவருக்கு 23 லட்சம் என்றால் சராசரி 5 லட்சம் என்று வந்துவிடும், 5 லட்சம் வாங்குகிற ஆளே அந்த வகுப்பில் இருக்கமாட்டார். நடு எண்ணைக் கேளுங்கள், மீடியன் என்பார்கள், சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் மத்தியில் நிற்பது. அதோடு, வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேர் வேலைத் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள், என்ன வேலை, எந்த ஊரில், இந்த நான்கும் தெரிய வேண்டும். "நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்று சொல்லும் இடத்தில் பாதிப்பேரை உட்காரவே விடாமல் வைத்திருப்பதும் உண்டு. இதையெல்லாம் சேர்க்கை அலுவலகத்தில் கேட்காமல் இரண்டாம் வருடத்துப் பிள்ளைகளிடம் கேளுங்கள். கேன்டீனுக்குப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். ஆசிரியர்கள் நிரந்தரமானவர்களா, இந்த வருடம் யார் யார் விட்டுப் போனார்கள் என்பதையும் அவர்களேதான் சொல்வார்கள்.

பட்டத்தின் பெயர் பற்றியும் குழப்பம் இருக்கிறது. பல்கலைக்கழகம் தருவது எம்.பி.ஏ. தனி நிறுவனங்கள் தருவது பி.ஜி.டி.எம். என்ற முதுநிலை டிப்ளமா, அதற்கு ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் இருக்க வேண்டும். ஐ.ஐ.எம்.களே முன்பு டிப்ளமாதான் கொடுத்துவந்தன, 2017-ல் நிறைவேறிய சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம் கொடுக்கும் அதிகாரம் வந்தது. ஆகவே டிப்ளமா என்ற பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம், அங்கீகாரம் இல்லாததை மட்டும் ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். கட்டணம் குறைவு, நூலகம் பெரிது, கூடப் படிக்கிறவர்கள் தேர்வெழுதி வந்தவர்கள். கட்டடம் பழசாக இருக்கும், ஏ.சி. இருக்காது, அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

டிகிரி முடித்த கையோடு போகலாமா, வேலை பார்த்துவிட்டுப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வீட்டில் தாங்குமென்றால் ஒன்றிரண்டு வருடம் எங்காவது வேலை பாருங்கள். சின்ன வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் வாளையார் வரிச் செக்போஸ்ட்டில் லாரி நிற்கும் வரிசையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க முடியாது. நான் புக்கிங் ஆபீஸில் இருந்த காலத்தில் ராத்திரியெல்லாம் டிரைவர்கள் போன் பண்ணிக்கொண்டே இருப்பார்கள், "இன்னும் நகரலைங்க தம்பி" என்று. பிறகு எம்.பி.ஏ. வகுப்பில் வரிசைக் கோட்பாடு வந்தது. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: வரிசையில் சராசரியாக நிற்பவற்றின் எண்ணிக்கை, அவை வந்து சேரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 40 லாரி வருகிறது, ஒவ்வொன்றும் 6 மணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் 240 லாரி ரோட்டில். பேராசிரியர் பலகையில் அதைப் போட்டபோது எனக்கு வாளையார்தான் கண்முன் வந்தது. கோவைப் பக்கத்தில் சாயங்காலம்தான் லோடு ஏற்றி முடிப்பார்கள், அதனால் எல்லா வண்டியும் ராத்திரியில் ஒன்றாக வந்து குவியும், கவுண்ட்டர் மட்டும் பகலில் எத்தனையோ ராத்திரியிலும் அத்தனைதான். சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியாது என்று எழுந்து சொன்னேன். அந்த வகுப்பு முழுக்க அதைப் பற்றியே பேச்சு போனது. வேலை அனுபவம் இருப்பவனுக்கு ஒவ்வொரு பாடமும் ஏற்கனவே பார்த்த ஒன்றுக்கு விடையாக வரும். அக்கவுன்டிங், புள்ளியியல், நிறுவன நடத்தை என்று முதல் செமஸ்டரில் வரிசையாக வந்து விழும்போது இந்தப் பிடிமானம் மிகவும் உதவும்.

சம்மர் இன்டர்ன்ஷிப்பை எங்கே செய்வது என்பதில் எங்கள் வகுப்பில் பலரும் சென்னை, பெங்களூர் என்று போனார்கள். நான் ஒரு நுகர்பொருள் கம்பெனியில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பீட்டை, அதாவது அந்தப் பக்கத்துக் கடைகளைச் சுற்றிவரும் வேலையை, கேட்டு வாங்கிக்கொண்டேன். தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுகிற ஆள் என்பதால் உடனே கொடுத்தார்கள். பிரச்சினை இதுதான்: பாலக்காட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு எல்லைக் கடைகளில் விற்பனை சில மாதங்களில் திடீரென்று சரிகிறது, ஆனால் கடைகளின் அலமாரியில் சரக்கு நிறைந்தே இருக்கிறது. கடை கடையாகப் போனேன். வெளியாள் கேட்டால் "கச்சவடம் குறவா", வியாபாரம் குறைவு என்று மலையாளத்தில் முடித்துவிடுவார்கள். நான் தமிழில் பேசி, அந்த அண்ணாச்சி டீ சொல்லி, கல்லாவுக்குப் பின்னால் கூப்பிட்டு உட்கார வைத்த பிறகுதான் அட்டைப்பெட்டிகளைத் திருப்பிப் பார்க்க விட்டார். பேட்ச் எண் தமிழ்நாட்டு டிப்போவினுடையது. பொள்ளாச்சி மொத்தக்கடையிலிருந்து வந்த சரக்கு. இந்தத் தொழிலில் இதை இன்ஃபில்ட்ரேஷன் என்பார்கள். காரணம் கம்பெனியேதான்: ஓணத்துக்குக் கேரளத்தில் ஒரு ஸ்கீம், தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் ஒரு ஸ்கீம், இரண்டும் வேறு வேறு மாதம், வேறு வேறு சலுகை. எந்த மாதம் எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கம் கடைக்காரர் போகத்தான் செய்வார். எல்லைத் தாலுக்காக்களுக்கு மட்டும் இரண்டு ஸ்கீமின் தேதியையும் சலுகையையும் சேர்த்துப் பார்த்து முடிவு பண்ணுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அறிக்கையால்தான் எனக்கு வேலையே கிடைத்தது.

அதனால் சொல்கிறேன், இரண்டு மொழி, இரண்டு சந்தை, இரண்டு பண்டிகைக் காலம் தெரிந்திருப்பது நம் பிள்ளைகளுக்குப் பெரிய சொத்து. நேர்முகத் தேர்வில் "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் மனப்பாடம் செய்த நான்கு வரிகளைச் சொல்லாமல் இதைச் சொல்லுங்கள். புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி இணையத்தில் அலைய வேண்டியதில்லை. வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் விலை எப்படி முடிவாகிறது, ஓணத்துக்கு முன்னால் மீனாட்சிபுரம் பால் பரிசோதனைச் சாவடியில் என்ன நடக்கிறது, சித்தூர்க் கள் எப்படிக் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது, இதெல்லாம் ஒவ்வொன்றும் ஒரு முழு ஆய்வுக்குத் தாங்கும்.

பணம். கல்விக்கடன் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முடிந்தால் அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள், பின்னால் தவணை கணிசமாகக் குறையும். 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தவர்களுக்குப் பிணை இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் கேட்கலாம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. ஏஜென்ட் "இப்போதே சீட் பிடித்துவிடலாம்" என்று அவசரப்படுத்தும்போது இந்த ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போனபின் வருமான வரியில் பழைய முறையில் இருந்தால் கல்விக்கடனுக்குக் கட்டிய வட்டிக்கு எட்டு வருடம் வரை கழிவும் உண்டு.

வீட்டை விட்டுப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். கல்யாணமான தங்கைகள், கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகள். அவர்களுக்கு ஆன்லைன் எம்.பி.ஏ.வும் தொலைதூரக் கல்வியும் நல்ல வழிதான். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று மானியக்குழு 2022-ல் அறிவித்திருக்கிறது. கம்பெனிகள் வளாகத்துக்கு வருவது அதில் குறைவு, ஆகவே ஏற்கனவே ஒரு வேலையிலோ தொழிலிலோ இருப்பவர்களுக்குத்தான் அது முழுப் பயன் தரும். மானியக்குழு ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் அனுமதி பெற்ற படிப்புகளின் பட்டியலைப் போடும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, எம்.பி.ஏ. என்ற படிப்பின் பெயரும் அந்த வருடமும் அதில் இருக்க வேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பி.டி.எஃப்.பை வைத்துப் பணம் கட்டாமல், மானியக்குழுவின் தளத்தில் நீங்களே போய்ப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.